என் பையனோட கையை முதல்ல பார்த்த சூசை அண்ணன்

வீடியோ எடுக்கிற சூசை அண்ணன் இறந்துட்டார்.

மதியம் ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வரும்போது போன் வந்துச்சு. நெல்லிக்குப்பத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கார். தாலி கட்டுறத எடுத்து முடிச்சுட்டு, நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுதுன்னு சேர்ல உட்கார்ந்திருக்கார். கடலூர் கொண்டுபோறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.

நாற்பத்தி நாலு வயசு.

டவுன்ஷிப்ல நிறைய பேருக்கு அவரைத் தெரிஞ்சிருக்கும். வடக்குத்துல வீடு. கல்யாணம், காதுகுத்து, சர்ச்ல பிள்ளைங்களுக்குக் குடுக்கிற புதுநன்மை எல்லாம் எடுப்பார். அஞ்சாறு வருஷம் முன்னாடி கைக்குழந்தைகளுக்குன்னு தனியா ஒண்ணு ஆரம்பிச்சார்.

குப்புற விழறது, உட்கார்றது, தவழ்றது, முதல் அடி வைக்கிறது... ஒவ்வொண்ணுக்கும் வீட்டுக்கே வந்து எடுப்பார். மியூசிக் எல்லாம் சேர்த்து சினிமா மாதிரி பண்ணித் தருவார். முதல் பிறந்தநாள் அன்னைக்கு ஹால்ல பெரிய ஸ்கிரீன்ல போடுவாங்க.

கூட வேலை பார்க்கிறவர் தன் பொண்ணோட படத்தை கேன்டீன்ல மொபைல்ல காட்டினார். எனக்கும் ஆசை வந்துச்சு. எங்க பையன் கவின், எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சுப் பிறந்தவன்.

அவன் குப்புற விழறதை எடுக்க அண்ணன் நாலு நாள் வந்தார். எங்க குவார்ட்டர்ஸ் ஹால்ல, வெறுந்தரையில, கேமராவோட அவரும் குப்புறப் படுத்துக்கிட்டு...

"ஒரு தலகாணியாவது வெச்சுக்கங்கண்ணா"ன்னு என் மனைவி செல்வி சொன்னா.

"வேணாம் தங்கச்சி. அவன் கண்ணு ஒசரத்துக்கே கேமரா இருக்கணும். நம்ம ஒசரத்துலேர்ந்து எடுத்தா அது நம்ம படமாப் பூடும்."

நாலாவது நாள் விழுந்தான். அப்பவே ஆறு மாசம் முடிஞ்சிருந்துச்சு. அண்ணன் எழுந்திரிக்காம அப்படியே கிடந்து, சட்டைக் கையில கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

அடுத்து உட்கார்றது. எட்டு மாசம். கவின் உட்காரல... சுத்தி தலகாணி அடுக்கி வெச்சு எடுத்துட்டுப் போனார்.

ரெண்டு நாள் கழிச்சு, சொல்லாம கொள்ளாம லேப்டாப்போட வந்து நின்னார். எடிட் பண்ணதைக் காட்ட வந்திருக்கார்னு நினைச்சேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்லோ மோஷன்ல வெச்சுப் பாக்கும்போதுதான் தெரிஞ்சுதுங்க. எடது கைய மூடிக்கினே இருக்கான். இதுவரைக்கும் எடுத்தது எல்லாத்தையும் திரும்பப் பாத்துட்டேன். ஒரு எடத்துலகூட அந்தக் கைய அவன் தொறக்கல. ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க சார்."

"உங்களை வீடியோ எடுக்கத்தான் கூப்பிட்டேன். வைத்தியம் பார்க்க இல்ல"ன்னேன்.

அவர் லேப்டாப்பை மூடினார். "சரிங்க சார்."

அவர் செருப்பு மாட்டுறதுக்கு முன்னாடியே நான் கதவைச் சாத்திட்டேன். செல்வி கிச்சன் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா.

அப்புறம் ரெண்டு தடவை போன் பண்ணார். எடுக்கல. சில குழந்தைங்க லேட்டாதான் உட்காரும்னு யாரோ சொன்னாங்க. எனக்கு அது போதுமா இருந்துச்சு. பிறந்தநாளுக்குச் சொல்லி வெச்சிருந்த ஹாலைக் கேன்சல் பண்ணேன். கவின் தவழவும் இல்ல.

பதினாலாவது மாசம்தான் பாண்டிக்குக் கூட்டிட்டுப் போனோம். பிறக்கும்போதே மூளையில அடிபட்டிருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நடக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, ஆனா சீக்கிரம் வந்திருந்தா கையும் காலும் இவ்வளவு இறுகியிருக்காதுன்னாங்க.

"இந்தக் கையை இதுக்கு முன்னாடி யாருமே கவனிக்கலையா?"

"இல்ல மேடம்"னேன்.

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தா. அதுக்கப்புறம் எந்தச் சண்டையிலயும் அதை எடுத்ததில்ல... எடுத்திருந்தா தேவலைன்னு இருக்கும்.

கவினுக்கு இப்போ அஞ்சு வயசு. நடக்கல, பேசல. தூக்கித் தூக்கி செல்விக்கு இடுப்பு போச்சு. இனிமே பெருசா எதிர்பார்க்காதீங்கன்னு போன வருஷம் சொல்லிட்டாங்க.

மூணு மாசம் முன்னாடி வடலூர் பஸ் ஸ்டாண்ட்ல அண்ணனைப் பார்த்தேன். நான் பார்க்காத மாதிரி நின்னேன். அவரா வந்து கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"கவின் எப்படி இருக்கான் சார்?"

"நல்லா இருக்கான்."

"அவனோடது எல்லாம் அப்படியே வெச்சிருக்கேங்க. எதையும் அழிக்கல. மொத அடி வைக்கிறதுக்கு மட்டும் எடம் வுட்டு வெச்சிருக்கேன். இன்னும் நடக்கலன்னு கேள்விப்பட்டேங்க. கொஞ்சம் லேட்டானா என்னங்க... நடந்தா ஒரு போன் பண்ணுங்க. எங்க இருந்தாலும் வந்துடுறேன்."

"சரிங்கண்ணா"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். உட்கார்ந்து ஜன்னல் வழியா பார்த்தேன். பஸ் கிளம்புற வரைக்கும் நின்னு கை ஆட்டினார்.

இன்னைக்கு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனோம். நான் மட்டும் போறேன்னேன். செல்வி கேக்கல, கவினைத் தூக்கிக்கிட்டு வந்தா.

அண்ணனோட மனைவி பெட்டி பக்கத்துல தரையில உட்கார்ந்திருந்தாங்க. செல்வி அவங்க பக்கத்துல போய் உட்கார்ந்து, கவினை மடியில சாய்ச்சுக்கிட்டா.

"அக்கா, எங்க புள்ளைக்குக் கை சரியில்லன்னு மொதல்ல சொன்னது அண்ணன்தான். நாங்கதான் கேக்கல."

நாங்கன்னுதான் சொன்னா.

அவங்களுக்கு என்ன புரிஞ்சுதோ தெரியல. அழுதுக்கிட்டே தலையாட்டினாங்க. என்னால அங்க நிக்க முடியல, வெளிய வந்து ரோட்டுல நின்னுட்டேன்.

நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அடக்கம். தெரிஞ்சவங்க வாங்க.

அண்ணா... கவின் நடக்க மாட்டான். அன்னைக்கு பஸ் ஸ்டாண்ட்லயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்.