ரோபோ வேண்டாம் என்று சொன்னேன்

இரண்டாயிரங்களின் கடைசியில், விருதுநகரில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் நான் சர்ஜனாக இருந்தேன். சென்னையில் ரோபோ மூலம் ஆபரேஷன் செய்வதைப் பழகிப் பார்க்க ஒருமுறை அழைத்திருந்தார்கள். ஒரு பெட்டிக்குள் முகத்தைப் பதித்து, இரண்டு பிடிகளைப் பிடித்தேன். தள்ளி நின்ற எந்திரத்தின் கைகள் என் விரல் சொன்னபடி ரப்பர் வளையங்களைக் கோத்தன. என் கையில் இருந்த லேசான நடுக்கம் அவற்றில் இல்லை. எழுந்திருக்கவே மனசு வரவில்லை.

திரும்பியதும் அறக்கட்டளைத் தலைவரிடம் வாய் ஓயாமல் சொன்னேன். அவர் மிளகாய் வத்தல் மண்டிக்காரர். வயிற்றைப் பெரிதாகத் திறந்து செய்த ஆபரேஷனுக்குப் பிறகு மனைவி மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததைப் பார்த்தவர்.

"வாங்கிருவோம் டாக்டர்," என்றார்.

மறுநாள் தியேட்டரில் கத்திரிகளை அடுக்கிக்கொண்டிருந்த சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அது ரிப்பேராச்சுன்னா யாரு வருவாக, டாக்டரம்மா? ஆபரேஷன் சாமான் அவிக்கிற மெஷினுக்கே மதுரைலருந்து ஆளு வர பத்து நாளாச்சு. போன வாரம் ஆபரேஷன் நடுவுல கரண்டு போயி, நான் டார்ச் பிடிச்சேனே, மறந்துட்டீகளா?"

மறக்கவில்லை. மறக்க விரும்பியிருந்தேன்.

அறக்கட்டளைக் கூட்டத்தில் ரோபோ வேண்டாம் என்றேன். தலைவரின் முகம் சுருங்கியது.

"பெரிய ஊருக்குப் புதுசு, நம்ம சனத்துக்குப் பழசு போதும்னு சொல்லுதீகளா?"

ஆஸ்பத்திரிக்காக மறுத்தேனா, புதிதாகக் கற்கப் பயந்து மறுத்தேனா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. நல்ல ஜெனரேட்டர், இன்னொரு மயக்க டாக்டர், சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி, அதைப் பழக எனக்கு மூன்று மாதம். இவற்றைக் கேட்டேன். அரை மனதாகச் சம்மதித்தார்.

நான் பழகித் திரும்பியதும் லேப்ராஸ்கோப்பிக்கு முதலில் வந்தவர் தாயில்பட்டியில் பட்டாசு வேலை செய்யும் பெண். பித்தப்பையில் கல். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரமானது. ஒரு கட்டத்தில் வயிற்றைத் திறந்துவிடலாம் என்று நினைத்தேன்.

"மெதுவாச் செய்ங்க, டாக்டரம்மா. பிரஷர் நல்லா இருக்கு," என்றார் சிஸ்டர்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் நடந்து வந்து, சேலையை விலக்கிச் சின்னச் சின்ன பிளாஸ்திரிகளைக் காட்டினார்.

"இம்புட்டுத்தானா? நெசமாவே கல்லை எடுத்தீகளா?"

பாட்டிலில் போட்டு வைத்திருந்த கற்களைக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே முந்தியில் முடிந்துகொண்டார். அடுத்த மாதம் தாயில்பட்டியிலிருந்து இரண்டு பெண்கள் வந்து, "அந்தச் சின்ன ஓட்டை ஆப்ரேசன் இங்கனதானே?" என்று கேட்டார்கள்.