தொண்ணூற்றாறு கிலோமீட்டர், இருபத்து நான்கு நிமிடம்

நாற்பத்தொரு மணி நேரம் என் அண்ணன் வாய் திறக்கவில்லை. நான் படித்தது இயற்பியல். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் தீவின் சின்ன விமான நிலையத்தில் ரேடியோ அறை என் பொறுப்பு. அண்ணன் பைலட். பக்கத்துத் தீவின் விமான நிலையம் தொண்ணூற்றாறு கிலோமீட்டர் தூரம். அவனுடைய ஒற்றை என்ஜின் விமானத்துக்கு இருபத்து நான்கு நிமிடம். சரியாக நடுவில், கடலில் ஒரு கரும்பாறை உண்டு. அதைத் தாண்டும்போது ரேடியோவில் "பாதி" என்பான். நான் டீக்குத் தண்ணீர் வைப்பேன். பன்னிரண்டு நிமிடத்தில் ஆள் வந்து நிற்பான்.

முந்தாநாள் மாலை நல்ல மழை. மருந்துப் பெட்டிகளோடு அங்கிருந்து தனியாகக் கிளம்பினான், 4.10க்கு. 4.22க்குக் குரல் வந்தது.

"பாதி, லவுட்ஸ்பீக்கர்!"

நான் அதிகம் பேசமாட்டேன். அதனால் அவன் வைத்த பெயர்.

கெட்டிலைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். மணி 4.23.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"இங்க இறங்கிட்டு, பாதின்னு புளுகுனியாக்கும்?" என்று சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை.

ஆனால்... என்ஜின் சத்தமே கேட்கவில்லையே? ஜன்னல் வழியே பார்த்தேன். ஓடுபாதை காலி.

வெளியே கொட்டுகிற மழை. அவன் சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

கர்ர்ர்... ரேடியோ இரைந்தது.

"லவுட்ஸ்பீக்கர்... என்ஜின் நின்னுடுச்சு... கேக்குதா? ஏதாவது பேசு..."

அதே குரல்.

நாற்காலியில் இருந்தவன் தலையை மெல்ல ஆட்டினான்.

"பேசாதே," என்றான். "நான்தான் வந்துட்டேனே."

4.24... 4.25... ரேடியோவில் மூச்சு மட்டும் கேட்டது. பேசினால், எதிரே இருப்பவன் போய்விடுவான் என்று ஏனோ தோன்றியது. பேசாவிட்டால்...?

4.27. பொத்தானை அமுக்கினேன்.

"அண்ணா! வந்துடு!"

நாற்காலி காலி.

4.38. நான்கு நிமிடம் தாமதமாக விமானம் இறங்கியது. அண்ணன் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தான். அதே நாற்காலியில் உட்கார்ந்தான். நான் ஓவென்று அழுதேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலியில் இருந்தவனைப் பற்றி நானும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இன்று காலை மெக்கானிக் மாமா வீட்டுக்கு வந்தார். என்னை வாசலுக்கு அழைத்தார்.

"நாலு நிமிஷம் என்ஜின் ஓடவே இல்ல பாப்பா. என்ஜின் மீட்டர்ல பதிவாயிருக்கு. மழை மேகத்துக்குக் கீழ அவ்வளவு தாழ்வா பறக்கறப்போ ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. தண்ணிக்குள்ளதான் போயிருக்கணும்..."

அவர் போனார்.

கதவைச் சாத்தித் திரும்பினேன்.

பின்னால் அண்ணன் நின்றிருந்தான்.

"பேசாதேன்னு சொன்னேன்ல?"