வேண்டாம் என்று சொன்னவரின் சைக்கிள்

அறுபத்து நாலு வயதில் அரைக்கால் டவுசரும் தலையில் ஹெல்மெட்டுமாகச் சாமிதுரை மறுபடியும் சைக்கிளில் ஏறியபோது திருப்பனந்தாள் கடைத்தெரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "பென்ஷன் வாங்கிட்டு சும்மா கெடக்க முடியல மனுசனுக்கு" என்றார்கள். அவர் எதற்காக மிதிக்கிறார் என்று சரியாகத் தெரிந்தவள் ஒருத்திதான், அவர் மனைவி அம்சவல்லி. அவள் அவரோடு பேசுவதில்லை.

சைக்கிள் அவருக்குப் புதிதல்ல. பொதுப்பணித் துறையில் லஸ்கர் வேலை. மதகைத் திறப்பது, அடைப்பது, கொள்ளிடக் கரையில் எங்கே கசிவு, எங்கே எலிவளை என்று பார்த்துக்கொண்டே போவது. முப்பத்தொரு வருஷம் அந்தக் கரையில் மிதித்த கால் அது. நாளுக்கு அறுபது கிலோமீட்டர் என்றால் அவருக்குப் பெரிய காரியமில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரே மகன் பகலவன் பைபாஸில் லாரி மோதி விழுந்தான். இருபத்தேழு வயது. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் டாக்டர் கூப்பிட்டு, மூளை செத்துவிட்டது, மெஷினால்தான் மூச்சு ஓடுகிறது என்றார். உறுப்புகளைக் கொடுத்தால் நாலைந்து பேர் பிழைப்பார்கள் என்று தணிந்த குரலில் கேட்டார்.

"குடுத்துடலாங்க. எங்கயாவது அவன் மூச்சு ஓடட்டும்" என்றாள் அம்சவல்லி. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வளர்ந்தவள், பள்ளிக்கூடம் பார்க்காதவள். அவளுக்குச் சட்டென்று புரிந்தது இவர் மண்டையில் ஏறவில்லை. "எம் புள்ள மேல கத்தி வைக்க விடமாட்டேன். முழுசாத்தான் எடுத்துட்டுப் போவேன்!" என்று வராந்தா அதிரக் கத்தினார். அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். உதறிவிட்டார். மறுநாள் மகனின் நெஞ்சும் நின்றுபோனது.

பிணவறையிலிருந்து கொடுத்த உடம்பில் கழுத்துக்குக் கீழே நீளமாகத் தையல் ஓடியிருந்தது. "ஏன்யா அறுத்தீங்க? நான்தான் வேணாம்னு சொன்னேன்ல?" என்று அங்கிருந்த ஊழியரின் சட்டையைப் பிடித்தார் சாமிதுரை. அந்த மனிதர் கோபப்படவில்லை. "ஆக்சிடெண்ட் கேஸு பெரியவரே. போஸ்ட்மார்ட்டம் பண்ணாம குடுக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியாது. கத்துவதைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எப்படியும் கத்தி படப்போகிற உடம்பைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நாலு பேர் உயிரை அவர் மண்ணில் போட்டுப் புதைத்தார். பக்கத்தில் நின்று கேட்ட அம்சவல்லி அன்றோடு புருஷனிடம் பேச்சை நிறுத்தினாள். சோறு ஆறுகிறது என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அடுத்த வருஷம் அவர் மிதிக்க ஆரம்பித்தார். உறுப்பு தான விண்ணப்பங்களைப் பையில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் கையெழுத்து வாங்குவது. முதல் தடவை மதுரை வரைக்கும், அடுத்த தடவை கோயம்புத்தூர் வரைக்கும். போன இடத்திலெல்லாம் மைக்கைப் பிடித்தவர்கள் "மகனின் உறுப்புகளைத் தானமாகத் தந்த தந்தை" என்று அறிமுகம் செய்து சால்வை போர்த்தினார்கள். சாமிதுரை மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொள்வார், அதை ஜனங்கள் அடக்கம் என்று நினைத்தார்கள். அசிங்கம்தான். அவருக்கும் அது தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்த சால்வைகளை அம்சவல்லி கையால் தொடவில்லை, துடைப்பத்தால் ஒரு மூலைக்குத் தள்ளினாள்.

மூன்றாவது தடவை கன்னியாகுமரி. போய்த் திரும்பி, கடலோரமாகவே இருபத்திரண்டாம் நாள் நாகூர் வந்து சேர்ந்தார். முழங்கால் வீங்கியிருந்தது. கடைவீதியில் கூட்டம் கூடியது, அங்கேயும் அதே அறிமுகம்தான். கோரைப்பாய்க் கடைக்காரர் ஜெய்னுலாபுதீன் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. உங்க புள்ளைய அறுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டீங்களே, உங்க கை நடுங்கலயா?"

மூன்று வருஷமாக யாரும் இப்படி நேருக்கு நேர் கேட்டதில்லை. "நான் போடலங்க" என்றார் சாமிதுரை. "எம் பொண்டாட்டி குடுக்கலாம்னா. நான்தான் வேணாம்னு கத்துனேன். இத்தன நாளா உங்க எல்லாரையும் ஏமாத்திக்கிட்டு இருக்கேன்." தையலைப் பற்றியும் சொன்னார். ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதார். கூட்டத்தில் பாதி கலைந்து போனது. ஜெய்னுலாபுதீன் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். யாரோ அதையெல்லாம் போனில் படம் பிடித்தார்கள்.

சீர்காழியில் இருக்கும் அம்சவல்லியின் தங்கை ஞானாம்பாளின் போனுக்கு அந்த வீடியோ அன்றைக்கே வந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து அக்காவிடம் காட்டினாள்.

அன்று சாயங்காலம் சாமிதுரை வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்தபோது ஞானாம்பாள் திண்ணையில் இருந்தாள், அம்சவல்லி சொம்பில் தண்ணீரோடு எதிரில் வந்தாள். சுவரைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"கால் வீங்கியிருக்கே" என்றாள்.

நாலு வருஷத்துக்கு அப்புறம் அவரைப் பார்த்துப் பேசிய குரல். சாமிதுரைக்கு அப்படியே அவள் காலில் விழலாம் போலிருந்தது. சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

"அந்தத் தாளு எனக்கு ஒண்ணு குடுங்க" என்றாள் அம்சவல்லி.

அவசர அவசரமாகப் பையைப் பிரித்தார். பெயர், வயது, விலாசம் எல்லாம் அவரே நிரப்பினார். அவள் விரலில் மை தடவி உருட்டிக் கைநாட்டு வைத்தாள். கீழே, நெருங்கிய உறவினர் கையெழுத்து என்று ஓர் இடம். சாமிதுரை பேனாவை அங்கே கொண்டுபோனார். அம்சவல்லி தாளை இழுத்துக்கொண்டாள்.

"அதுல ஞானாம்பா போடட்டும்."

"நான் இருக்கறப்ப அவ எதுக்கு அம்சா?"

"நீங்க இருக்கீங்கன்னுதான் அவளப் போடச் சொல்றேன்." குரலில் கோபமே இல்லை. "நாளைக்கு நான் அதே மாதிரி கெடந்தா, டாக்டரு உங்களத்தான் தனியாக் கூப்புட்டுக் கேப்பாரு. என்ன சொல்லுவீங்க?"

சரி என்று சொல்வேன் என்று சத்தியம் செய்ய வாயைத் திறந்தார். ஆயிரம் பேரிடம் கேட்டு வாங்கிய வார்த்தை. அதற்குள் வாயில் குழாயோடு அவள் கட்டிலில் கிடப்பது கண்ணில் வந்துவிட்டது. நாக்குக்கு வந்தது வேணாம் என்ற பழைய வார்த்தைதான். அதைச் சொல்லாமல் விழுங்கினார்.

பேனாவை ஞானாம்பாளிடம் நீட்டினார்.