உருக்குத் தண்டில் வைத்த பொட்டு

எங்கட கீழ்வீட்டுப் பெட்டை சறுக்குவண்டியிலை குப்புறப் படுத்து, தலை முன்னுக்குப் போக, மலையிலை இருந்து ஐஸ் வாய்க்கால் வழியாய்க் கீழை பாயிறவள். அதுதான் அவளின்ரை விளையாட்டு. முதல்தரம் பாக்கப் போன அண்டைக்கு நான் கண்ணைப் பொத்திப்போட்டன். நாடி ஐஸிலை முட்டுமாப்போலை வாறாள். பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. இதென்ன விசர் வேலை எண்டு இவரிட்டைச் சொன்னன். ரெண்டாம் தரம் கண்ணைத் திறந்து வைச்சுப் பாத்தன். அண்டையிலை இருந்து நான் அவளின்ரை ஆள்.

ரெண்டாயிரமாம் ஆண்டு பிறந்து நாலைஞ்சு வருசம் இருக்கும். இவருக்கு வேலை கிடைச்சதாலை பீலெஃபெல்ட் நகரத்தை விட்டிட்டு மலைப்பக்கத்துச் சின்ன ஊர் ஒண்டுக்கு வந்திருந்தம். அங்கை தமிழ் எண்டு நாங்கள் மட்டும்தான். நான் வீட்டிலை தையல் மிசினோடை. அவள் விடியப்புறம் பேக்கரிக்கு வேலைக்குப் போவாள், மத்தியானம் பயிற்சி, பின்னேரம் எங்கட கட்டிடத்தின்ரை நிலக்கீழ் அறையிலை இருந்து வண்டியை மினுக்குவாள்.

வண்டிக்கு அடியிலை ரெண்டு உருக்குத் தண்டு. அதிலைதான் முழு ஓட்டமும். சொரசொரப்பான மண்கடதாசியிலை தொடங்கி, பிறகு மெல்லிசு, பிறகு அதைவிட மெல்லிசு, கடைசியிலை ஏதோ ஒரு பசை. கிழமைக்கணக்காய் உரஞ்சுவாள். முடியேக்கை அதிலை முகம் பாக்கலாம். அங்கை உடுப்புத் தோய்க்கப் போற சாட்டிலை நான் பாத்துக்கொண்டு நிப்பன். பிளவுசுக்கு ஒரு ஊக்குத் தைக்கவே பஞ்சிப்படுறவள் நான், எனக்கு அவளைப் பாக்க வெக்கமாய் இருக்கும்.

அந்த ஐப்பசியிலை நாட்டு அணிக்கு ஆள் எடுக்கிற போட்டி. ரெண்டு பெண்களைத்தான் எடுப்பினம். எடுபட்டால் அரசாங்கம் சம்பளம் தந்து பயிற்சி எடுக்க விடும். இல்லாட்டிப் பேக்கரிதான். அவளுக்கு இருபத்தெட்டு வயசு. இந்த முறையும் அடுத்த முறையும் பாப்பன், அதோடை காணும் எண்டு தானே சொல்லியிருந்தாள்.

போட்டிக்கு ரெண்டு நாள் முன்னம் ஆயுதபூசை. தையல் மிசின், கத்தரிக்கோல், இவரின்ரை ட்ரில், கார் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வைச்சு முடியவும் கிண்ணத்திலை மிச்சம் கிடந்தது. அந்தப் பிள்ளையின்ரை வண்டிக்கும் வைப்பம் எண்டு கீழை இறங்கினன். சுத்தியிருந்த துணியை அவிட்டால் தண்டு முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. பாவம், களைப்பிலை துடைக்க மறந்திட்டாளாக்கும் எண்டு நானே நல்லாத் துடைச்சன். கத்தி அலகுக்கு வைக்கிற மாதிரித் தண்டிலை ஒரு பொட்டு வைச்சு, திரும்பத் துணியைச் சுத்தி விட்டன். அவள் அப்ப வீட்டிலை இல்லை. பிறகு சொல்ல மறந்தே போனன்.

போட்டியண்டு நானும் இவரும் ஃபிளாஸ்கிலை தேத்தண்ணியோடை போய், ஓட்டம் முடியிற இடத்திலை நிண்டம். அவள் மூண்டாவதாய் வந்தாள். ரெண்டாவதாய் வந்தவளுக்கும் இவளுக்கும் கண் சிமிட்டுற நேரம்கூட வித்தியாசம் இல்லை. எழும்பி ஹெல்மெட்டைக் கழட்டினாள், வண்டியைத் தூக்கிப் பிரட்டினாள். தண்டிலை துருவேறி வட்டமாய்க் கறள் பிடிச்ச தழும்பு. என்ரை மோதிர விரல் நுனி அளவு.

எண்ணெய் கறள் பிடிக்காமல் இருக்கத்தான் பூசினது எண்டு அப்பதான் விளங்கினது. ஈரச் சந்தனத்தை வைச்சு ஒரு பிள்ளையின்ரை வாழ்க்கையை நாசமாக்கிப் போட்டனே எண்டு வீட்டை போய் அழுதன். இவர், வாயைத் திறவாதை, இந்த நாட்டிலை எல்லாத்துக்கும் வக்கீலிட்டை இருந்து கடிதம் வரும் எண்டார். வந்தால் வரட்டும் எண்டு அடுத்தநாள் போய் அவளின்ரை கதவைத் தட்டினன்.

நான் எல்லாத்தையும் சொன்னன். போட்டியண்டு காலமை துணியை அவிட்ட உடனையே தனக்கு விளங்கினது எண்டாள். சிவப்பும் மஞ்சளும் இந்தக் கட்டிடத்திலை வேறை ஆர் வைக்கிறது? இருந்த நேரத்துக்குள்ளை உரஞ்சிப் பாத்தாளாம், கறள் அரிச்ச குழி போகேல்லை. இவ்வளவும் தெரிஞ்சும் எங்கட கதவடிக்கு வந்து ஒரு சொல் சத்தம் போடேல்லை. நான் எண்டால் கட்டிடத்தையே கிளப்பியிருப்பன்.

"ஏன் என்ரை வண்டிக்கும் வைச்சனீங்கள்?" எண்டு கேட்டாள்.

"தொழில் செய்யிற சாமானுக்கு வைக்கிறது எங்கட வழக்கம்."



"என்ரை அப்பா இண்டைவரைக்கும் அந்த வண்டியை விளையாட்டுச் சாமான் எண்டுதான் சொல்லுறார்."

அடுத்த கிழமையே கீழை மண்கடதாசிச் சத்தம் கேக்கத் தொடங்கிச்சு. அந்த வருசம் முழுக்க நான் அந்த அறையிலை வண்டிப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை.

அடுத்த ஐப்பசி, கடைசி எண்டு அவள் சொல்லியிருந்த ஆள் எடுக்கிற போட்டிக்கு முன்னம் பூசை வந்தது. மணி அடிக்குது, திறந்தால் அவள் நிக்கிறாள். இண்டைக்குத்தானே அந்த நாள், எனக்கும் வையுங்கோ எண்டாள்.

"ஏலாது பிள்ளை. இனி அந்த வண்டியைத் தொடமாட்டன்."

"வண்டிக்கு வேண்டாம்," எண்டு முன்மயிரை ஒதுக்கிக் குனிஞ்சாள். "எனக்கு முன்னுக்குப் போறது தலைதானே."

அழுதழுது வைச்சதிலை பொட்டு கோணலாய்ப் போச்சு.

போட்டியண்டு காலமையும் வந்து வைச்சுக்கொண்டுதான் போனாள். ரெண்டாவதாய் வந்தாள். அதுக்குப் பிறகு நாலு வருசம் நாட்டுக்காக ஓடினாள். பெரிய பதக்கம் ஒண்டும் இல்லை, ஆனால் ஒரு ஓட்டத்தையும் பாதியிலை விடேல்லை. விளையாட்டை விட்டபிறகு ஒருநாள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து என்ரை கையிலை தந்தாள். உள்ளுக்கு நெற்றி படுற துணி சந்தனம் ஊறி மஞ்சளாய்க் கிடந்தது. நாலு வருசமும் அவள் அதைக் கழுவேல்லை.