அக்காவின் வகுப்புக்கு வந்த லைன் கம்ப்யூட்டர்

அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டதும் வீடு முழுக்க, கம்பெனி இயந்திரங்களில் ஊற்றும் கூலன்ட் எண்ணெய் வாடை அடிக்கும். உள்ளே ஆண்டுக்கணக்கில் படிந்திருந்த இரும்புத் தூசி சூடேறி, வெல்லம் கருகியது போன்ற நெடி மூக்கில் ஏறும். அம்மா கதவைத் திறந்துவைத்துவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டே, "இது வூடா, இல்ல ஒரகடத்துக் கம்பெனியா?" என்பாள்.

ஊரடங்கு ஆண்டு அது. பிள்ளைப்பாக்கத்தில், தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். நான் ஏழாம் வகுப்பு. எஸ்தர் அக்கா பத்தாம் வகுப்பு. அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சென்னையில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவள், பள்ளியை மூடியதும் ஒரு பையோடு வீடு வந்து சேர்ந்தாள். எங்களில் யாருக்கும் சைகை மொழி சரியாகத் தெரியாது. வா, சாப்பிடு, குளி, போ என்பதோடு அம்மாவின் சைகைகள் முடிந்துவிடும். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். அக்காவின் பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் அந்த விடுதியிலேயே தங்கிவிட்டன.

வகுப்புகள் போனில் தொடங்கின. உள்ளங்கை அகலத் திரையில் அத்தனை பிள்ளைகளின் முகங்களுக்கு நடுவே டீச்சர் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருப்பார். அவர் விரல்கள் என்ன சொல்கின்றன என்பது தெரியவே தெரியாது, சிக்னல் குறைந்தால் கை வெறும் பழுப்புக் கறையாக இழுபடும். அக்கா முதலில் கண்ணைத் திரையோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். பிறகு கோபப்பட்டாள். ஒரு நாள் போனைச் சுவரில் வீசி எறிந்ததில் திரை குறுக்கே விரிசல் விட்டது. அதன்பின் வகுப்புக்கு உட்காரவில்லை. என்னோடும் கையசைத்துப் பேசவில்லை. தோளைத் தொட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கும். "உசுரோட கீறா, அவ்ளோதான். பொண்ணு எங்கயோ போய்ட்டா," என்று அம்மா எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

அப்பா ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தவர். கம்பெனி திறந்தபோது அவரைக் கூப்பிடவில்லை. பழைய இயந்திரங்களை உடைக்கும் காயலான் கடைக்குக் கூலிக்குப் போனார். அங்கிருந்துதான் ஒரு மாலை, கூலிக்குப் பதிலாக, இரும்பு முதுகும் அகலத் திரையும் கொண்ட அந்தப் பெட்டியை வண்டியில் கட்டிக் கொண்டுவந்தார். எந்த போல்ட்டை எங்கே முடுக்க வேண்டும் என்று ஆட்களுக்குப் படம் காட்ட, வேலை செய்யும் இடத்துக்கு மேலே தொங்கவிடும் கம்ப்யூட்டர் அது. "எங்க லைன்ல தொங்கிக்கினு இருந்த மாதிரிதான் கண்ணு. இதுல டீச்சர் கை பெருசா தெரியும், பெரியவளுக்கு," என்றார்.

போட்டால் வாடை வந்தது, ஆங்கில வரிகள் கொண்ட ஒரு நீலப் பட்டியலைத் தவிரத் திரையில் வேறெதுவும் வரவில்லை. பக்கத்து வீட்டு இசக்கி அண்ணன், திருநெல்வேலியிலிருந்து வந்து பயிற்சித் தொழிலாளியாக இருந்தவர், கழற்றிப் பார்த்துவிட்டு, "ஹார்டு டிஸ்கை உருவிட்டுல்லா வித்துருக்கானுவ. பென் டிரைவுல லினக்ஸ் போட்டு ஓட்டிப் பாப்போம்," என்றார். தன் லேப்டாப்பில் அந்த இலவச இயங்குதளத்தைத் தயார் செய்தும் கொடுத்தார். பெட்டி பென் டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. வேறு லினக்ஸ், வேறு பென் டிரைவ், வேறு துளை என்று எதை மாற்றினாலும் நீலப் பட்டியலில் அதன் பெயர் வரவில்லை. இதற்குள் இசக்கி அண்ணனுக்கு ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டது. தன் சின்ன கேமராவையும் பென் டிரைவையும் என் கையில் வைத்துவிட்டு லேப்டாப்போடு போய்விட்டார்.

அப்பா தினமும் வேலை முடிந்து வந்து என் முகத்தைத்தான் பார்ப்பார். ஒரு நாள் வாசற்படியில் உட்கார்ந்து, "நாளைக்கு எடுத்துக்கினு போய் உடைச்சிடுறேன். எனக்கு போல்ட்டு முடுக்கத்தான் கண்ணு தெரியும். நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். 

மறுநாள் ஞாயிறு. எடுத்துப் போவதற்குள் அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொரு வரியையும் வெறி பிடித்தவள் போல அழுத்திக்கொண்டிருந்தேன். ஒரு வரியை அழுத்தினால் திரை கறுத்து, ஏதோ எழுத்து மின்னி, படிப்பதற்குள் பட்டியல் திரும்பிவிடும். திரும்பத் திரும்ப அழுத்தியும் எனக்குப் பிடிபடவில்லை. தோளில் ஒரு கை பட்டது. சுவர்ப்பக்கம் படுத்திருந்த அக்கா எழுந்து வந்திருந்தாள். விரல்களின் வேகத்தைப் படித்துப் பழகிய கண் அவளுடையது. இன்னொரு முறை அழுத்தச் சொன்னாள். பிறகு சாக்பீஸால் தரையில், ஆங்கிலத்தில், எக்ஸ் 64, ஐஏ 32 என்று எழுதினாள்.

அதைப் போனில் தட்டித் தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. பெட்டியின் மூளை அறுபத்துநான்கு பிட், ஆனால் அதை எழுப்பிவிடும் ஆரம்ப நிரல் முப்பத்திரண்டு பிட் மட்டுமே அறியும். இரண்டும் பொருந்தாத அப்படிச் சில கம்ப்யூட்டர்கள் ஒரு காலத்தில் வந்தனவாம். அதற்கென்று ஒரு சின்னக் கோப்பு இருந்தது. விரிசல் விட்ட போனிலேயே பென் டிரைவைச் செருகி அதை உள்ளே போட்டேன். பெட்டி விழித்துக்கொண்டது. அப்பா காயலான் கடைக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில், இசக்கி அண்ணனின் கேமராவைச் செருகி, போனிலிருந்து இணையம் கொடுத்ததும் டீச்சரின் கை திரை முழுக்கத் தெரிந்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதில் சொல்லத் தன் கையைத் தூக்கிய நேரத்தில் படம் நின்றுவிட்டது. பாதிச் சொல்லில் டீச்சரின் விரல்கள் அந்தரத்தில் அப்படியே நின்றன. அணைத்துப் போட்டோம்; மறுபடி நின்றது. அக்கா திரையை ஓங்கி அறைந்துவிட்டு உள்ளே போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். ஒன்றும் இல்லாமல் இருந்தபோது பட்டதைவிட, கிடைத்ததுபோல் காட்டிப் பறித்ததில் அவள் பட்ட வேதனை அதிகம். "இத ஏன்டீ அவ கண்ணுல காட்டுன?" என்று அம்மா என்னிடம் கேட்டாள்.

சூடு என்று நினைத்து அப்பா ஈரத்துணி போட்டார், விசிறி வைத்தார். "ஹேங்" ஆவது நிற்கவில்லை. எங்கோ ஒரு நாட்டில் யாரோ இணையத்தில் எழுதிய புலம்பலில்தான் காரணம் கிடைத்தது. அந்த வகைச் சிப்பு வேலை குறைந்த நொடியில் ஆழ்ந்து தூங்கிவிடும், பிறகு எழாது. அவ்வளவு ஆழமாகத் தூங்காதே என்று தொடக்கத்திலேயே ஒரு வரி எழுதிவைக்க வேண்டுமாம். எழுதினேன். ஆனால் அக்கா போர்வையை விலக்கவில்லை.

மறுநாள் வகுப்பு நேரத்தில் அம்மாவே போய்த் திரைமுன் உட்கார்ந்தாள். அத்தனை பிள்ளைகளும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்குத் தெரிந்தது நாலே சைகை. வா என்றாள், சாப்பிடு என்றாள். பிறகு உள்ளறையைக் காட்டி, இல்லை என்று கையை விரித்து அழுதாள். டீச்சர் கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தார். பெட்டி மறுபடி நின்றுவிட்டதோ என்று திரையை எட்டிப் பார்த்தேன். பிறகு அவர் தன் இடப் புருவத்தை விரலால் இரண்டு முறை தொட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு பிள்ளையும் புருவத்தைத் தொட்டது. அக்காவின் இடப் புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. விடுதியில் அதைத் தொட்டுக் காட்டும் சைகைதான் அவளுக்குப் பெயர்.

ஓடிப்போய்ப் போர்வையை உருவினேன். வாசற்காலைப் பிடித்து நின்று, திரை நிறைய அத்தனை கைகள் தன்னைக் கூப்பிடுவதை அக்கா பார்த்தாள். அம்மா எழுந்து இடம் விட்டாள். வகுப்பு முடிந்தும் பிள்ளைகள் போகவில்லை. அம்மா சோற்றைப் பிசைந்து அக்காவுக்கு ஊட்டிவிட்டாள், அவள் இரு கையும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததால்.

அந்த ஆண்டு தேர்வே நடக்கவில்லை. எல்லோருக்கும் தேர்ச்சி என்றார்கள். பள்ளி திறந்த பிறகு பெட்டி காயலான் கடைக்கே போனது. அந்தச் சின்னக் கோப்பைப் பற்றி இன்று யாரும் கேட்பதில்லை. வரிசை வீடுகளை இடித்துக் கன்டெய்னர் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். வீடு இருந்த இடம் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அக்கா இப்போது மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். காது கேளாத தோழிகள் மூன்று பேரோடு அறை எடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனால் நால்வரும் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். விரல்கள் பறக்கின்றன, சிரிப்பு வெடிக்கிறது, எனக்கு ஒரு சொல்லும் பிடிபடுவதில்லை. டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எப்போதாவது அக்கா என் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, எனக்காக மெதுவாக, ஒவ்வொரு விரலாக, சொல்லிக் காட்டுவாள்.