சிவப்பு மணித்தியாலங்கள்

கடித உறையில் கண்ணாடித் தாள் ஜன்னல் இருந்தால் இன்றைக்கும் என்னால் அதை உடனே பிரிக்க முடியாது. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த காலத்தில் பிடித்த வியாதி அது. உறையை மேசையில் கவிழ்த்து வைத்து, ஒரு தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் பிரிப்பேன். அன்று வந்தது எங்கள் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கந்தோரின் கடிதம். கூரையில் இருக்கும் சோலார் தகடுகளிலிருந்து நாங்கள் கொடுக்கும் கரண்டுக்கு இனிக் காசு குறைத்துத்தான் தருவார்களாம். நாங்கள் வாங்கும் கரண்டுக்கு மூன்று திட்டங்கள் இருக்கின்றனவாம், மாத முடிவுக்குள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டுமாம்.

எனக்கு அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இந்த மூன்றில் எது என் கணவரின் மெஷினை நிறுத்தாது?

சுவிஸ் மலைப் பக்கம், எங்கடினில், ஹோட்டல் குசினிகளில் சமைத்தே வயது போனவர் அவர். கடைசியில் நுரையீரல் பழுதாகி, பாசலுக்குப் பக்கத்தில் நாங்கள் வாங்கிய இந்தச் சின்ன வீட்டில் ஒட்சிசன் மெஷினோடு இருக்கிறார். ஒரு சூட்கேஸ் அளவுதான் அது. காற்றை உள்ளே இழுத்து, அதிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். குளிக்கும் நேரம் தவிர இரவும் பகலும் கழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓடும்போது கும், புஸ், கும், புஸ் என்று சத்தம் போடும். முதல் மாதம் அந்தச் சத்தத்தால் எனக்கு நித்திரை இல்லை. பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் நித்திரை வராது என்றாகிவிட்டது.

மகள் இங்கேயே பிறந்தவள், கணக்கில் புலி. சனிக்கிழமை வந்து கொம்பியூட்டரில் மூன்று திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாள். முதலாவதில் எந்நேரமும் ஒரே விலை. இரண்டாவதில் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. மூன்றாவதில் கால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் விலை மாறும்.

“கூரையிலை தகடு இருக்கிற எங்களுக்கு மூண்டாவதுதான் லாபம், அம்மா. விலை கூடின நேரத்திலை மெஷின் ஒண்டும் போடாமல் விட்டால் சரி.”

மெஷின் ஒன்றும் போடாமல் விட்டால் என்றதும் எனக்குப் பக்கென்றது. அவள் போன பிறகு கந்தோருக்கு ரெலிபோன் எடுத்து, எனக்குத் தெரிந்த ஜேர்மனில் கேட்டேன். விலை கூடிய நேரத்தில் நாங்கள் பாவித்தால் வெட்டிவிடுவீர்களா? இல்லை அம்மா, ஒருவரும் வெட்டமாட்டார்கள், விலை மட்டும்தான் மாறும் என்றார் அந்த மனிதர். மூன்று தரம் கேட்டேன். மூன்றாம் தரமும் பொறுமையாகவே சொன்னார். அந்தப் பொறுமைதான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. வருடக் கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்த யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம். கரண்ட் போகாது என்று ஒருவர் சொன்னால் எங்களுக்கு நெருப்புப்பெட்டியைத் தேடத்தான் தோன்றும்.

ஆனாலும் மூன்றாவதுக்கே கையெழுத்து வைத்தோம். அவசரத்துக்கென்று தந்திருந்த ஒட்சிசன் சிலிண்டரைக் கட்டிலடிக்கு இழுத்து வைத்தேன்.

மகள் ஒரு டப்லெட்டைக் குசினிச் சுவரில் மாட்டிவிட்டாள். வெயில் அடித்தாலோ விலை குறைந்தாலோ பச்சை, நடுத்தரம் என்றால் மஞ்சள், விலை ஏறினால் சிவப்பு. கீழே நாங்கள் எவ்வளவு இழுக்கிறோம் என்று ஒரு கோடு. கோடை முழுக்க அது என் கணவருக்கு விளையாட்டுச் சாமானாயிற்று. நீண்ட குழாயை இழுத்துக்கொண்டு குசினிக் கதிரையில் போய் இருந்து, பெரிய செஃப் மாதிரி எனக்குக் கட்டளை போடுவார்.

“இஞ்சரும், பச்சை வந்திட்டுது. அரிசியைப் போடும்! ஐயோ, சிவப்பு. கேத்திலைத் தொடாதையும்!”

அவர் இப்படிச் சத்தம் போட்டு எத்தனையோ காலம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒக்டோபர் தொடக்கத்தில் மகள் வந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இதென்ன, இந்தக் கோடு ராவிலையும் கீழை இறங்குதில்லை? எல்லாரும் படுத்தாப் பிறகும் என்னவோ இழுத்துக்கொண்டே இருக்குது. எதையோ நிப்பாட்ட மறந்திட்டியள்.”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது. முகம் சிவந்து போனது. அவர்தான் சிரித்தார்.

“அது நான்தான், பிள்ளை.”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

நவம்பரில் வெயிலை மூடிக்கொண்டு பனிப்புகார் இறங்கியது. எங்கள் பக்கத்தில் அது வந்தால் நாட்கணக்கில் போகாது. கூரைத் தகடுகள் சும்மா கிடக்கும். நான் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறேன், வழமையாக ஆறு மணிக்குத்தான் வீடு வருவேன். அன்று வேலை முன்னதாகவே முடிந்து, நான்கு மணி ட்ராமில் வந்துவிட்டேன். கதவைத் திறந்தேன். சத்தம் இல்லை.

கும் என்றும் இல்லை, புஸ் என்றும் இல்லை.

கரண்ட் போய்விட்டது, கந்தோரின் அந்த மனிதர் பொய் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கை தானாக லைட் சுவிட்சைத் தட்டியது. லைட் பளிச்சென்று எரிந்தது. கரண்ட் இருக்கிறது. குசினிக்கு ஓடினேன்.

குசினிக் கதிரையில் இருந்தார். குழாயை வடிவாகச் சுருட்டி மேசையில் வைத்திருந்தார். உதடு நாவல்பழம் தின்றவருடையது போலிருந்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னை யாரென்று தெரியாதது போலப் பார்த்தார். எதிரே டப்லெட்டில் சிவப்பு.

மெஷினைப் போட்டு, குழாயை மாட்டி, இரத்தத்தில் ஒட்சிசனை அளக்கும் கருவியை விரலில் கவ்வ வைத்தேன். எழுபத்திரண்டு. எண்பத்தெட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று தாதி சொல்லியிருந்தாள். ஒரு கையால் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அம்புலன்ஸுக்கு அடித்தேன். வீட்டு விலாசம் மறந்துவிட்டது. சொந்த வீட்டின் விலாசம்! வாசலுக்கு ஓடி, கதவில் இருந்த இலக்கத்தைப் பார்த்துச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஷெல் விழுந்த நாட்களிலும் நான் அப்படிப் பயந்ததில்லை.

அன்றிரவு அவரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். காலையில் போய்க் கேட்டேன்.

“ஏன் கழட்டினனீங்கள்?”

“சிவப்பாயிருந்தது. பச்சை வரட்டும், போடுவம் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். வரேல்லை.”

“எத்தினை நாளா இந்தக் கூத்து?”

“பிள்ளை அண்டைக்குச் சொன்னதிலை இருந்து. பின்னேரம் ஒரு மூண்டு மணித்தியாலம்தான், நீர் வாறதுக்கு முன்னம் போட்டிடுவன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “வீட்டிலை ஆகக் கூட இழுக்கிற சாமான் நான்தானே. சும்மா இருந்து இழுக்கிறன்.”

ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்தினேன். மூன்று மணித்தியாலம் அந்த மெஷின் இழுக்கிற கரண்டுக்கு ட்ராம் நிலையத்தில் தேத்தண்ணியோடு தின்கிற ஒரு பணிஸ்கூட வாங்க முடியாது என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில் சுவிஸ்காரர் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு அழுதேன். கந்தோர் வெட்டும், புயல் வெட்டும், வயர் எரியும் என்று எல்லாவற்றுக்கும் பயந்தேனே, இந்த மனிதரின் கைக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றே கந்தோருக்கு அடித்தேன். எந்நேரமும் ஒரே விலை உள்ள முதலாவது திட்டம் வேண்டும் என்றேன். அதே மனிதர்தான். உங்கள் கூரைக்கு அதுதான் மூன்றிலும் விலை கூடியது, அம்மா, என்றார். தெரியும், தாருங்கள் என்றேன். ஆனால் ஜனவரியிலிருந்துதான் மாற்றலாமாம். அதுவரை அதே நிறங்கள்தான்.

டப்லெட்டைக் கழற்றிச் சேலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். வேலைக்கு ஒரு மாதம் லீவு போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அவர் கட்டிலில் படுத்தபடி பின்னேரங்களில் மெல்லக் கேட்பார்.

“இப்ப என்ன நிறம்?”

“பச்சை.”

ஒரு நாள் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். முன் வீட்டுக் கூரையே தெரியவில்லை.

“இந்தப் புகாருக்கையோ?”

“ஓம். நல்ல பச்சை.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றிவிடுவாரோ என்று நான் அவர் விரல்களைப் பார்த்தேன். அவர் கையைத் தூக்கி, மூக்கிலிருந்து வழுகியிருந்த குழாயைத் தானே சரியாக்கினார்.

“அப்ப அரிசியையும் போடுமன்,” என்றார்.

நான் குசினிக்குப் போய் அரிசி களைந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் மெஷின் கேட்காமல் போனதால் பைப்பைப் பூட்டினேன். கும், புஸ் என்று கேட்டது. மறுபடியும் திறந்தேன்.