இனியாவுக்காகப் பேசிக்கொண்ட இரண்டு நீதிமன்றங்கள்

1

ஆவடிப் பக்கம் ஒரு மகளிர் காவல் நிலையத்தில் நான் இன்ஸ்பெக்டராக இருந்தபோது உயர் நீதிமன்றத்திலிருந்து ஒரு எச்.சி.பி. வந்தது. ஆட்கொணர்வு மனுவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மனு போட்டவர் கனடாவில் வேலை பார்க்கும் செந்தில். அவருடைய மனைவி கவிதா, ஆறு வயது மகள் இனியாவை அவரிடம் சொல்லாமல் இந்தியாவுக்குக் கூட்டி வந்துவிட்டார். குழந்தையைக் கோர்ட்டில் ஆஜர்படுத்துவது என் பொறுப்பு.

ஜீப்பில் ஏட்டம்மா ரமணி கேட்டார்: "இன்னா மேடம் இது? பெத்த அம்மா இட்டுகினு வந்தா அது கடத்தலா?"

எனக்கும் அதே சந்தேகம்தான்.

கவிதாவின் அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வெள்ளானூரில் வீடு கட்டியிருந்தார். யூனிஃபார்மைப் பார்த்ததும் கவிதா குழந்தையோடு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"இப்பவே பிள்ளைய கூட்டிட்டுப் போயிருவீங்களாம்மா?" என்றார் பெரியவர்.

"இல்லய்யா. கோர்ட்டுக்கு நீங்களே கூட்டிட்டு வாங்க. நான் கூட வர்றேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து கவிதா பேசினார். "அங்க என் பேர்ல வாரன்ட் இருக்கு மேடம். இறங்கினதும் ஏர்போர்ட்டுலயே புடிச்சிருவாங்க. அவர் கெட்டவர் இல்ல. ஆனா தினமும் சண்டை. சண்டை போட்டுட்டு போய் உக்கார எனக்கு அங்க ஒரு வீடு கூட இல்ல."

2

கோர்ட்டுக்குச் செந்திலே வந்திருந்தார். தாழ்வாரத்தில் அவரைப் பார்த்ததும் இனியா "அப்பா!" என்று ஓடினாள். அவர் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார். கவிதா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

நீதிபதி குழந்தையைத் தன் அறைக்கு அழைத்துப் பேசினார். நான் ஓரமாக நின்றேன்.

"உனக்கு என்னம்மா வேணும்?"

இனியா யோசித்தாள். "அம்மாவ போலீஸ் புடிக்கக் கூடாது. அப்பா தனியா சாப்பிடக் கூடாது. தாத்தா டெய்லி வீடியோல வரணும்."

நீதிபதி அந்த மூன்றையும் அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டு, பிறகு தன் உத்தரவிலும் சேர்த்தார்.

இப்படிக் கொண்டுவரப்படும் குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்கு நாடுகளுக்குள் ஓர் உடன்படிக்கை உண்டு. அதில் இந்தியா சேரவில்லை. அதனால் கனடா கோர்ட் சொல்வது இங்கே தானாகச் செல்லாது, நம் கோர்ட் சொல்வது அங்கே செல்லாது. நீதிபதி இதைத் தெரிந்துகொண்டேதான் சொன்னார்: குழந்தை வளர்ந்த வீடும் பள்ளியும் அங்கே இருப்பதால் அவள் திரும்பிப் போவதே நல்லது. ஆனால் வாய்ப்பேச்சை நம்பி அனுப்ப முடியாது. தாயைக் கைது செய்ய மாட்டோம், தனி வீடு உண்டு, இருவரும் குழந்தையைப் பார்க்கலாம் என்று அந்த நாட்டுக் கோர்ட் முதலில் உத்தரவிடட்டும்.

இங்கும் அங்குமுள்ள வக்கீல்கள், தூதரக அதிகாரிகள் எல்லோரும் அதற்காக அலைந்தார்கள். அதுவரை சனிக்கிழமைகளில் செந்தில் மகளை எங்கள் ஸ்டேஷன் முன்னறையில் பார்த்தார்.

ஒருநாள் கனடா கோர்ட்டின் உத்தரவு வந்தது. வக்கீல் வாசித்தார். வாரன்ட் ரத்து. தாய்க்குத் தனி வீடு. நம் நீதிபதி கேட்டது எல்லாம் இருந்தது. கடைசியில், குழந்தை இந்தியாவிலுள்ள தன் தாத்தாவோடு வீடியோவில் தமிழில் பேசுவதைப் பெற்றோர் யாரும் தடுக்கக் கூடாது என்றும் இருந்தது.

வக்கீல் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்து அந்தக் கடைசி வரியை நானும் படித்தேன்.

"எங்கியோ கீற ஜட்ஜுக்கு நம்ம வெள்ளானூர் தாத்தா தெரிஞ்சுட்டாரு பாருங்க மேடம்" என்று ரமணி கிசுகிசுத்தார்.

3

ஆனாலும் கவிதாவுக்குப் பயம் போகவில்லை. "பேப்பர்ல இருக்கிறது அங்க ஏர்போர்ட் கவுன்டர்ல இருக்கிற ஆளுக்குத் தெரியுமா மேடம்?" என்று கேட்டார். போனதும் போன் செய்யச் சொன்னேன்.

செய்தார். "ஆபீசர் கம்ப்யூட்டர பார்த்துக்கிட்டே இருந்தாரு மேடம். அப்புறம் பாப்பாவ பார்த்து, 'வெல்கம் ஹோம்'னு சொல்லி அனுப்பிட்டாரு." சொல்லிவிட்டு அழுதார்.

கவிதாவும் செந்திலும் பிரிந்துதான் வாழ்கிறார்கள். இனியா இரண்டு வீட்டிலும் வளர்கிறாள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இப்படி ஒரு எச்.சி.பி. வந்தால், தப்பு யார் மேல் என்று விசாரிப்பதற்கு முன்னால் குழந்தையிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். குழந்தை சொன்னதை அப்படியே கோர்ட்டில் சொல்லுங்கள். அது எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.